வீட்டுக் குறிப்புகள்: மிச்சமாவது எது, யாருக்கு?

முன்பெல்லாம் வார இதழ்களில் பெட்டி கட்டிப் போடுவார்கள். "எலுமிச்சைத் தோலை வீசாதீர்கள்", "குக்கர் கருத்துப் போனால் இப்படிச் செய்யுங்கள்" என்று நாலு வரிக் குறிப்புகள். இப்போது அதே குறிப்புகள் வாட்ஸப்பிலும் ஒரு நிமிட வீடியோவிலும் சுற்றுகின்றன. எனக்கு இவற்றின் மேல் பழைய பிரியம் உண்டு. கொஞ்ச காலமாக, கண்ணில் படுகிற குறிப்புகளை ஒரு நோட்டில் எழுதி வைத்து, ஒவ்வொன்றிடமும் மூன்று கேள்வி கேட்டுக்கொண்டு வருகிறேன்.

ஒன்று, இதனால் உண்மையில் என்ன மிச்சமாகிறது? கேஸா, தண்ணியா, சாப்பாடா, நேரமா? இரண்டு, ஏன் மிச்சமாகிறது? காரணம் தெரியாத குறிப்பை அடுத்த வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது. மூன்று, அந்த மிச்சத்துக்காக யாருடைய நேரம் செலவாகிறது?

மூன்றாவது கேள்விதான் முக்கியம் என்று இப்போது நினைக்கிறேன். 2019-ல் மத்திய அரசு நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலைக்கு அதில் ஈடுபடும் பெண்கள் ஒரு நாளைக்குச் சராசரியாக 299 நிமிடமும், ஆண்கள் 97 நிமிடமும் செலவிடுவதாக வந்தது. பெண்களுக்குக் கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம். "எதையும் வீணாக்காதீர்கள்" என்று சொல்லும் குறிப்பு, அந்த 299-ஐ 310 ஆக்கிவிட்டால் அது சிக்கனமா? வீணாவது காயிலிருந்து ஆளுக்கு இடம் மாறுகிறது, அவ்வளவுதான்.

இந்த மூன்று சல்லடையில் சலித்து நின்றவற்றையும் விழுந்தவற்றையும் கீழே எழுதுகிறேன்.

கொதி வந்த பிறகு தீயைக் குறைப்பது

எல்லோருக்கும் தெரிந்த குறிப்பு. ஆனால் எவ்வளவு மிச்சமாகும் என்று யாரும் சொல்வதில்லை. ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

ஒரு லிட்டர் தண்ணியை 30 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குக் கொண்டுவர 70 கிலோ கலோரி வெப்பம் வேண்டும். அதே ஒரு லிட்டரை முழுக்க ஆவியாக்க சுமார் 540 கிலோ கலோரி வேண்டும். கொதிக்க வைப்பதைப் போல ஏறக்குறைய எட்டு மடங்கு! சமையல் கேஸ் ஒரு கிலோவில் ஏறக்குறைய 10,900 கிலோ கலோரி இருக்கிறது. அடுப்பில் எரியும்போது அதில் மூன்றில் இரண்டு பங்கு பாத்திரத்துக்குப் போகிறது என்று வைத்துக்கொண்டால், கையில் கிடைப்பது சுமார் 7,000. அப்படியானால் ஒரு லிட்டர் தண்ணி கொதி வர 10 கிராம் கேஸ் போதும். அது ஆவியாகிப் போக 75 கிராமுக்கு மேல் ஆகும்.

இன்னொரு விஷயம். திறந்த பாத்திரத்தில் தண்ணி 100 டிகிரியைத் தாண்டாது. தளபுளவென்று கொதித்தாலும் சரி, ஓரத்தில் மெதுவாகக் குமிழி விட்டாலும் சரி, உள்ளே இருக்கும் உருளைக்கிழங்குக்கு இரண்டும் ஒரே சூடுதான். அது ஒரே நேரத்தில்தான் வேகும். கூடுதலாக எரித்த தீ முழுக்க ஆவியாக ஜன்னல் வழியே போய்விடுகிறது.

ஒரு வீட்டில் தேவையில்லாமல் தினம் அரை லிட்டர் தண்ணி இப்படி ஆவியாகிறது என்று வையுங்கள். காலை டீத்தண்ணி, குழம்பு, கீரை எல்லாம் சேர்த்து அது ஒன்றும் பெரிய அளவில்லை. தினம் 38 கிராம் கேஸ். மாசத்துக்கு ஒரு கிலோவுக்கு மேல். 14.2 கிலோ சிலிண்டரில் ஏறக்குறைய பன்னிரண்டில் ஒரு பங்கு. மூடி போடுவதும் சிம்மில் வைப்பதும் இதைத் தடுக்கிற வேலை. இதற்கு ஆகும் நேரம் இரண்டு விநாடி. என் நோட்டில் முழு மார்க் வாங்கிய முதல் குறிப்பு இது.

குழம்பு, ரசம் வைக்கும்போது முதலிலேயே தண்ணியை அதிகமாக ஊற்றிவிட்டுப் பிறகு "சுண்ட" விடுவதும் இந்தக் கணக்கில்தான் வரும். சுண்டினால் ருசி கூடும் பண்டங்கள் உண்டு, மறுக்கவில்லை. பால்கோவாவை வேறு எப்படிச் செய்வது? ஆனால் அளவு தவறி ஊற்றியதைச் சுண்டவைப்பது காசை ஊதிவிடுவது.

குக்கர்: விசில் கணக்கும் நேரக் கணக்கும்

குக்கரின் வெயிட் உள்ளே அழுத்தத்தை வெளியைவிட ஏறக்குறைய ஒரு வளிமண்டலம் கூட்டுகிறது. அந்த அழுத்தத்தில் தண்ணி சுமார் 120 டிகிரியில்தான் கொதிக்கும். அந்த இருபது டிகிரிதான் குக்கரின் மொத்த ரகசியம். பருப்பு கால்வாசி, மூன்றில் ஒரு பங்கு நேரத்தில் வெந்துவிடுவது அதனால்தான்.

அப்படியென்றால் விசில் என்பது என்ன? அழுத்தம் போதுமான அளவுக்கு வந்தாச்சு, மிச்சத்தை வெளியே தள்ளுகிறேன் என்று குக்கர் சொல்வது. முதல் விசில் தகவல். அதற்குப் பிறகு பெரிய தீயில் வருகிற ஒவ்வொரு விசிலும், மேலே பார்த்த அந்த எட்டு மடங்குச் செலவுதான். உள்ளே சூடு கூடுவதில்லை. ஆகவே முதல் விசில் வந்ததும் சிம்மில் வைத்து, கடிகாரத்தைப் பார்ப்பதுதான் சரியான முறை. துவரம்பருப்புக்கு சிம்மில் ஆறேழு நிமிஷம், ஊறவைத்த கொண்டைக்கடலைக்குப் பத்துப் பதினைந்து நிமிஷம் என்று உங்கள் வீட்டுக் குக்கருக்கு ஒரு கணக்கு பிடிபட்டுவிடும். ஐந்து விசிலா ஆறு விசிலா என்று ஹாலிலிருந்து காதைத் தீட்டிக்கொண்டிருக்க வேண்டாம். போனில் டைமர் வைத்துவிட்டு வேறு வேலை பார்க்கலாம்.

அடுப்பை அணைத்த பிறகு அழுத்தம் தானாக இறங்கப் பத்து நிமிடம் ஆகும். அந்தப் பத்து நிமிடமும் உள்ளே சமையல் நடக்கிறது, இலவசமாக. அவசரப்பட்டு வெயிட்டைக் கரண்டியால் தூக்கி ஆவியை விடுகிறவர்கள் அந்த இலவசத்தையும் இழக்கிறார்கள், கையையும் சுட்டுக்கொள்கிறார்கள்.

பருப்பு ஏன் வேகவில்லை?

"குக்கரில் எத்தனை விசில் விட்டும் கடலை கல்லு மாதிரி இருக்கு" என்ற புகாருக்கு மூன்று காரணங்கள் உண்டு. கடலை பழசாகியிருக்கலாம். தண்ணி உப்புத் தண்ணியாக இருக்கலாம். புளியோ தக்காளியோ முன்னாடியே சேர்த்திருக்கலாம்.

பருப்பின் செல்களை ஒட்டவைத்திருக்கும் பெக்டின் என்ற பொருள் கரைந்தால்தான் பருப்பு குழையும். போர் தண்ணியில் இருக்கும் கால்சியமும் மக்னீசியமும் அதை இறுக்கிப் பிடித்துவிடும். புளிப்பும் அதைக் கரைய விடாது. சாம்பாருக்குப் பருப்பைத் தனியாக வேகவைத்து, புளித்தண்ணியில் காயைத் தனியாகக் கொதிக்கவிட்டு, கடைசியில் ஒன்று சேர்க்கிற நம் வழக்கத்தில் இந்த ரசாயனம் முழுக்க இருக்கிறது. எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு ஒரே குக்கரில் வைக்கும் "ஐந்து நிமிட சாம்பார்" வீடியோக்களில் பருப்பு அரைவேக்காடாக நிற்பதற்கும் இதுதான் காரணம்.

ஆகவே போர் தண்ணி வீடுகளில், பருப்பு வேகவைக்க மட்டும் குடிக்கிற தண்ணியை ஊற்றுங்கள். கேஸும் நேரமும் இரண்டும் மிச்சம். ராத்திரி கடலை ஊறப்போட மறந்துவிட்டால், காலையில் கொதிக்கிற தண்ணியை ஊற்றி மூடி வைத்தால் இரண்டு மணி நேரத்தில் பெரும்பாலும் ஊறிவிடும்.

மாவுக்கு ஒரு படிக்கட்டு, சோற்றுக்கு ஒரு எச்சரிக்கை

ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு 2024-ல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2022-ஆம் ஆண்டில் உலகம் முழுக்க வீணான உணவு சுமார் 105 கோடி டன். அதில் 60 சதவீதம் ஹோட்டலிலோ கடையிலோ வீணானது இல்லை; வீடுகளில் வீணானது.

நம் சமையலில் இதற்கு ஏற்கெனவே ஒரு நல்ல ஏற்பாடு உண்டு. இட்லி மாவை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் இட்லி. இரண்டாம் நாள் தோசை. மூன்றாம் நாள் வெங்காயம் தூவி ஊத்தப்பம். அதற்கும் மேல் புளித்தால் ரவையோ அரிசி மாவோ கலந்து, பச்சை மிளகாய் போட்டுப் பணியாரம். புளிப்பு ஏற ஏற அதற்கேற்ற பண்டம் காத்துக்கொண்டிருக்கிறது. தயிருக்கும் அப்படித்தான்: தயிர், மோர், மோர்க்குழம்பு, ரவா தோசை. பீர்க்கங்காய்த் தோல் துவையல், தர்பூசணியின் வெள்ளைப் பகுதியில் கூட்டு, பலாக்கொட்டைப் பொரியல் எல்லாம் இந்த வரிசையில் வருபவை.

இதிலிருந்து எடுத்துக்கொள்ளத் தக்க பாடம் ஒன்று இருக்கிறது. மீந்ததை வைத்து என்ன செய்யலாம் என்று தினம் யோசிப்பது பெரிய வேலை. அடுத்த படி எது என்று முன்கூட்டியே முடிவாகியிருந்தால் யோசிக்க வேண்டியதில்லை. வீணாவதைத் தடுப்பது வழக்கம்தான், கெட்டிக்காரத்தனம் இல்லை.

ஆனால் சோறு விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. அரிசியில் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் இருக்கலாம். அவை வேகவைத்தாலும் சாவதில்லை. வடித்த சோறு வெதுவெதுப்பாக மணிக்கணக்கில் கிடந்தால் அவை முளைத்துப் பெருகி, வாந்தி உண்டாக்கும் நச்சை விடுகின்றன. அந்த நச்சு மறுபடி சூடாக்கினாலும் அழியாது. "நல்லா சூடு பண்ணிட்டா ஒண்ணும் ஆகாது" என்பது இங்கே பொருந்தாது. மத்தியானம் வடித்து ராத்திரி வரை மேடையில் கிடந்த சோற்றைப் புளிசாதமாகக் கிளறினாலும் அதே கதைதான்.

செய்ய வேண்டியது சுலபம். சாப்பிட்டு முடித்ததும், வடித்து இரண்டு மணி நேரத்துக்குள், மீந்த சோற்றை அகலமான பாத்திரத்தில் பரப்பி ஆறவிட்டு ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். பழைய சோறு போடுவதென்றால் ஆறியதும் சுத்தமான தண்ணி ஊற்றி மூழ்கவிடுவதுதான் முறை. அங்கே லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் வேலை செய்து புளிப்பைக் கூட்டுகின்றன. தண்ணி ஊற்றாமல் சும்மா கிடந்த சோறு பழைய சோறு இல்லை, வெறும் பழசான சோறு.

காய்கறிக் கூடை

வாழைப்பழம், தக்காளி, மாம்பழம், பப்பாளி, ஆப்பிள் எல்லாம் பழுக்கும்போது எத்திலீன் என்ற வாயுவை விடுகின்றன. அந்த வாயு பட்டால் கீரை மஞ்சளாகும், வெள்ளரி வதங்கும். ஒரே கூடையில் எல்லாவற்றையும் குவிப்பதால்தான் கொத்தமல்லி மூன்று நாளில் அழுகுகிறது. பழங்களை ஒரு பக்கம், இலைகளை ஒரு பக்கம் வைத்தாலே போதும். கொத்தமல்லியை வேர் நறுக்கி, ஈரமில்லாமல் ஒரு பருத்தித் துணியில் சுற்றி டப்பாவில் போட்டால் ஒரு வாரம் தாராளமாக நிற்கும். ஈரம்தான் அதற்கு எதிரி, எனவே கழுவுவதைச் சமைக்கும்போது வைத்துக்கொள்ளலாம்.

உருளைக்கிழங்கு வெளிச்சத்தில் கிடந்தால் பச்சை பூக்கும். அந்த நிறம் வெறும் பச்சையம்தான்; ஆனால் கூடவே சோலனைன் என்ற நச்சும் ஏறியிருக்கும் என்பதற்கு அது அடையாளம். வேகவைத்தால் அது போகாது. பச்சையான பகுதியை ஆழமாக வெட்டி எறியுங்கள். நிறைய பச்சை இருந்தால் கிழங்கையே எறியுங்கள். இங்கே சிக்கனம் பார்க்கக் கூடாது.

சல்லடையில் விழுந்தவை

சுத்தம் செய்யும் குறிப்புகளில்தான் பொய் அதிகம். சமையல் சோடாவையும் வினிகரையும் (அல்லது எலுமிச்சைச் சாற்றையும்) கலந்தால் நுரை பொங்கும். பார்க்க ஜோராக இருக்கும். ஆனால் ஒன்று காரம், ஒன்று அமிலம். இரண்டும் ஒன்றையொன்று தீர்த்துக்கொள்ள, மிஞ்சுவது பெரும்பாலும் உப்புத் தண்ணி. தனித்தனியாக இரண்டும் நல்ல வேலைக்காரர்கள். எண்ணெய்ப் பிசுக்குக்கு சோடா. குழாயில் படியும் வெள்ளை உப்புக் கறைக்கு எலுமிச்சையோ வினிகரோ. பித்தளைக் குத்துவிளக்குக்குப் புளி, காரணம் புளியின் அமிலம் மேலே படிந்த கறுப்பைக் கரைத்துவிடும்.

இந்த நுரைக் குறிப்பால் நஷ்டம் கொஞ்சம்தான். அடுத்தது அப்படி இல்லை. "பளபளப்புக்கு" பிளீச்சிங் பவுடரையும் கழிப்பறைக்கு ஊற்றும் ஆசிட்டையும் கலக்கச் சொல்லும் குறிப்புகள் சுற்றுகின்றன. அந்தக் கலவையிலிருந்து வருவது குளோரின் வாயு. ஜன்னல் சிறிதான ஒரு குளியலறையில் அது நுரையீரலைப் புண்ணாக்கிவிடும், உயிருக்கே ஆபத்தாகலாம். வீட்டில் உதவிக்கு ஒருவர் வந்து சுத்தம் செய்கிறார் என்றால் அவருக்கும் இதைச் சொல்லிவிடுங்கள். பாட்டிலைக் கையில் எடுப்பவர் பெரும்பாலும் குறிப்பைப் படித்தவராக இருப்பதில்லை.

பொரித்த எண்ணெய் பற்றி ஒரு வார்த்தை. திரும்பத் திரும்பக் காய்ச்சினால் எண்ணெய் சிதையும். சிதைந்த பொருட்கள் 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயைப் பயன்படுத்தக் கூடாது என்று 2018 ஜூலையிலிருந்து இந்தியாவில் விதியே இருக்கிறது. வீட்டில் அதை அளக்க வழியில்லை. சின்ன வாணலியில் கொஞ்சமாக எண்ணெய் ஊற்றிப் பொரித்து, மிஞ்சியதை வடிகட்டி இரண்டு மூன்று நாளில் தாளிக்கத் தீர்த்துவிடுவதுதான் வழி.

குப்பைத் தொட்டிக்குப் போகும் மிச்சம்

எவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்தாலும் தோல், காம்பு, டீத்தூள் வரத்தான் செய்யும். நம் ஊர்க் குப்பையில் ஏறக்குறைய பாதி இந்த ஈரக் குப்பை. பிளாஸ்டிக்கோடு சேர்த்துக் கட்டி அனுப்பினால் அது கிடங்கில் காற்றில்லாமல் புதைந்து மீத்தேனை உண்டாக்கும். மீத்தேன் எரியும் வாயு. 2022 ஏப்ரலில் சென்னையில், பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டியுள்ள பெருங்குடிக் கிடங்கு தீப்பிடித்து நாள் கணக்கில் புகைந்தது நினைவிருக்கலாம். ஒரு குப்பைமேடு தீப்பிடித்தால் அணைப்பது அவ்வளவு கஷ்டமாக இருப்பதற்கு, உள்ளே தேங்கிய இந்த வாயுவும் ஒரு காரணம்.

பால்கனி இருந்தால் துளையிட்ட ஒரு மண்பானை போதும். ஒரு பங்கு காய்கறிக் கழிவுக்கு ஒன்று முதல் இரண்டு பங்கு காய்ந்த இலை அல்லது தேங்காய் நார்த்தூள். இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை கிளறி விடவேண்டும். நாற்றம் வந்தால் ஈரம் அதிகம் என்று அர்த்தம், இன்னும் காய்ந்த இலை போடுங்கள். பானை நிறைந்த பிறகு இரண்டு மாசத்தில் மண் வாசனையோடு உரம் வந்துவிடும். ஒரு நாளைக்கு மூன்று நிமிட வேலை.

அதற்கும் முடியாதென்றால் குற்ற உணர்ச்சி வேண்டாம். ஈரத்தையும் காய்ந்ததையும் இரண்டு வாளியில் பிரித்து வைத்தாலே பெரும்பகுதி முடிந்தது. பிரிக்காத குப்பையை அங்கே கையால் பிரிப்பவரும் ஒரு மனுஷர்தான். வாளி ஒன்று கூடுதலாக வைக்க நமக்கு ஆகும் அரை விநாடி, அவருக்குச் சாணி மாதிரிக் கலந்துபோன ஒரு மூட்டையைக் கிளறும் வேலையை மிச்சப்படுத்துகிறது.

கடைசியில் நோட்டில் நின்றவை

மூடி, சிம், குக்கருக்கு டைமர், பருப்புக்கு நல்ல தண்ணி, சோற்றுக்கு இரண்டு மணி நேரக் கெடு, பழமும் கீரையும் தனித்தனி, இரண்டு வாளி. நூற்றுக்கும் மேற்பட்ட குறிப்புகளைச் சலித்ததில் எங்கள் வீட்டில் வழக்கமாகவே மாறியவை இந்த ஏழுதான். ஏழையும் சேர்த்துப் பார்த்தால் பொதுவாக ஒன்று தெரிகிறது: எதற்கும் தனியாக நேரம் ஒதுக்க வேண்டியதில்லை, எதையும் ஒரே ஆள் செய்ய வேண்டும் என்றும் இல்லை. சிம்மில் வைக்க யாருக்கும் சமைக்கத் தெரிந்திருக்க வேண்டாம். சோற்றை எடுத்து ஃப்ரிட்ஜில் வைக்க, கடைசியாகச் சாப்பிட்டு எழுந்தவரே போதும்.

எலுமிச்சைத் தோலைக் காயவைத்து, பொடித்து, சலித்து, டப்பாவில் அடைக்கும் குறிப்பை நான் அடித்துவிட்டேன். அது தப்பான குறிப்பு இல்லை. ஆனால் அந்த முக்கால் மணி நேரத்தை யாராவது சும்மா உட்கார்ந்து கழித்தால், அதையும் மிச்சம் என்றே கணக்கில் எழுதலாம். தோல் பானைக்குப் போகட்டும்.